செவ்வாய், வியாழன், சனி: டயாலிசிஸ் வாழ்க்கை பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற மாத இதழில், லண்டனின் ஹாரோ பகுதியில் வசித்துக்கொண்டு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொள்ளும் என் அன்றாடத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பலருக்கும் பொதுவானவற்றைத் தேர்ந்தெடுத்துப் பதில் எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்ல. மயிலாடுதுறையில் பிறந்து, வேலைக்காக இங்கே வந்து, ஒரு பள்ளியில் கணக்கு பார்ப்பவள், ஐ.ஜி.ஏ. நெஃப்ரோபதி என்ற நோயால் இரண்டு சிறுநீரகங்களையும் இழந்தவள். மருந்தின் அளவையும் உணவின் அளவையும் உங்கள் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

எஸ்.ஆர்., ஸ்லவ்: எனக்கு 41 வயது. ஐ.டி. வேலை. விரைவில் டயாலிசிஸ் தொடங்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். வலிக்குமா? ஒரு வாரம் எப்படிப் போகும்?

ஊசி போடும் அந்தச் சில நிமிடங்கள் வலிக்கும். இல்லை என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். ஒவ்வொரு முறையும் இரண்டு ஊசிகள். ஒன்று இரத்தத்தை வெளியே எடுக்க, மற்றொன்று சுத்தமான இரத்தத்தை உள்ளே அனுப்ப. இரத்தப் பரிசோதனைக்குப் போடுவதைவிடத் தடிமனானவை. தோலை மரத்துப்போகச் செய்யும் களிம்பு உண்டு. வீட்டைவிட்டுக் கிளம்பும் முன்பே தடவி, மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டிக்கொண்டு போனால் வலி பாதியாகக் குறையும். நர்ஸிடம் வாய்விட்டுக் கேளுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தால், இவருக்குத் தேவையில்லை போலும் என்றே நினைத்துக்கொள்வார்கள்.

முதலில் ஃபிஸ்துலாவைப் பற்றி விசாரியுங்கள். கையில் ஒரு தமனியையும் ஒரு சிரையையும் இணைத்துத் தைக்கும் சிறு அறுவை சிகிச்சை அது. 1966-இல் நியூயார்க்கில் பிரெசியா, சிமினோ என்ற மருத்துவர்களும் அவர்களுடைய சகாக்களும் வெளியிட்ட இந்த முறையைவிடச் சிறந்த ஒன்று இன்றுவரை வரவில்லை. சிரை தடித்து ஊசியைத் தாங்கும் நிலைக்கு வர ஆறு வாரமாவது ஆகும், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். அது தயாராகாவிட்டால் கழுத்து வழியாகக் குழாய் போட்டுத்தான் தொடங்குவார்கள். குழாய் இருக்கும்வரை நனையாமல் குளிக்க வேண்டும், கிருமித் தொற்று பற்றிய பயமும் கூடவே இருக்கும். ஆகவே, ‘என் ஃபிஸ்துலா எப்போது?’ என்பதுதான் அடுத்த சந்திப்பில் உங்கள் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

அது அமைந்த பிறகு, தினமும் காலையில் எழுந்ததும் தழும்பின் மேல் விரல் வைத்துப் பாருங்கள். உறங்கும் பூனையின் தொண்டையைத் தொட்டாற்போல ஓர் அதிர்வு தெரியும். அது நின்றுவிட்டால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம். சில மணி நேரத்துக்குள் பார்த்தால் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. அந்தக் கையில் இரத்த அழுத்தம் பார்க்கவும் இரத்தம் எடுக்கவும் யாரையும் விடாதீர்கள். கைப்பையையும் அதில் மாட்டாதீர்கள்.

என் முறை செவ்வாய், வியாழன், சனி, மாலை நேரம். போனதும் எடை பார்க்க வேண்டும். உடலில் அதிக நீர் இல்லாதபோது இருக்க வேண்டிய எடையை ‘டிரை வெயிட்’ என்பார்கள். அதைவிட எவ்வளவு கூடியிருக்கிறதோ, அவ்வளவு நீரையும் இயந்திரம் எடுத்தாக வேண்டும். பிறகு நான்கு மணி நேரம் நாற்காலியில். இரத்தம் வெளியே சுற்றி வருவதால் குளிரும். ஜூலை மாதத்திலும் எனக்குக் கம்பளியும் காலுறையும் வேண்டும். நீரை அதிகமாக எடுத்தால் கெண்டைக்கால் சுண்டியிழுக்கும், தலை சுற்றும். தலை சுற்றத் தொடங்கியதுமே சொல்லிவிடுங்கள், மயக்கம் வரும்வரை பொறுக்க வேண்டாம். முடிந்ததும் ஊசி எடுத்த இடத்தைப் பத்து நிமிடம் அழுத்திப் பிடித்து, மீண்டும் எடை பார்த்து, வீடு. அன்றிரவு உடம்பில் ஒன்றும் மிச்சமிருக்காது. மறுநாள் காலை முகம் தெளிந்திருக்கும்.

நாட்களில் கவனம் வைக்க வேண்டியது இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே வரும் நீண்ட இடைவெளி. எனக்கு அது ஞாயிறும் திங்களும். இரண்டு நாள் இடைவெளி முடியும் தறுவாயில்தான் இதயக் கோளாறுகள் அதிகம் நேர்கின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை விருந்துகள் அந்த நாட்களில்தான் வந்து விழும்.

இன்னொன்று. உங்கள் வயதுக்கும் வேலைக்கும் வயிற்று வழி டயாலிசிஸ் பொருந்துமா என்று கேளுங்கள். இரவில் தூங்கும்போது வீட்டிலேயே சிறு இயந்திரம் அதைச் செய்யும், பகல் முழுவதும் உங்களுடையது. எல்லாருக்கும் ஒத்துவராது. ஆனால் கேட்காமலே மருத்துவமனை நாற்காலியில் போய் உட்கார வேண்டியதில்லை.

ஒரு வாசகி, லெஸ்டர்: கணவருக்கு டயாலிசிஸ். உணவு ஆலோசகர் கொடுத்த தாளில் மசித்த உருளைக்கிழங்கும் பிராக்கலியும்தான் இருக்கின்றன. சாம்பார், ரசம், கீரை எதுவும் இல்லை. என்ன சமைப்பது?

அடுத்த முறை அந்த ஆலோசகரைப் பார்க்கப் போகும்போது, ஒரு வாரம் வீட்டில் சமைத்ததை அப்படியே எழுதிக்கொண்டு போங்கள். எத்தனை இட்லி, எத்தனை கரண்டி சாம்பார், எந்தக் காய் என்று விவரமாக. நான் அப்படித்தான் செய்தேன். சாம்பார் என்றால் என்னவென்று தெரியாத அந்தப் பெண், ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஒவ்வொரு பொருளாகக் கணக்குப் போட்டுக் கொடுத்தார். நம் சாப்பாட்டை நாம்தான் அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

கவனிக்க வேண்டியவை நான்கு: உப்பு, நீர், பொட்டாசியம், பாஸ்பரஸ். இவற்றில் பொட்டாசியம்தான் முன்னறிவிப்பு இல்லாமல் ஆளைக் கொல்லும், இதயத்தை நிறுத்திவிடும். இளநீர் வேண்டவே வேண்டாம். வாழைப்பழம், வாழைக்காய், சேனை, சேப்பங்கிழங்கு, மரவள்ளி, பலா, முருங்கைக்கீரை, பேரீச்சை, உலர் திராட்சை, தக்காளி விழுது, புளி இவை எல்லாவற்றிலும் அது அதிகம். நட்சத்திரப் பழத்தைத் தொடவே கூடாது. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு அது மூளையைப் பாதிக்கும் நஞ்சு. விக்கலில் தொடங்கி உயிரிழப்பு வரை போயிருக்கிறது.

ஆனால் சமைக்க நிறையவே இருக்கிறது. அரிசிச் சோறு, இட்லி, இடியாப்பம் ஆகியவற்றில் பொட்டாசியம் குறைவு. முட்டைக்கோஸ், பீன்ஸ், சுரைக்காய், வெள்ளரி, வெங்காயம் எல்லாம் வைத்துக்கொள்ளலாம். பழங்களில் ஆப்பிள், பேரிக்காய், திராட்சை, அன்னாசி, அளவோடு.

காய்களில் உள்ள பொட்டாசியத்தைக் குறைக்க ஒரு முறை உண்டு. தோல் சீவி, சிறு துண்டுகளாக நறுக்கி, பெரிய பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீர் முழுவதையும் கொட்டிவிட வேண்டும். பிறகுதான் தாளிப்பு. சத்தெல்லாம் போகிறதே என்று நம் கை தயங்கும். போகட்டும், அவருக்குப் போக வேண்டியது அதுதான். சாம்பாரோடு சேர்த்துக் குக்கரில் வைத்தால் வெளியேறியதெல்லாம் குழம்பிலேயே தங்கிவிடும். அதனால் என் வீட்டில் இப்போது காயைத் தனியே வேகவைத்து வடித்து, கடைசியில்தான் குழம்பில் சேர்க்கிறோம். புளியைப் பாதியாகக் குறைத்து, இறக்கும்போது சில துளி எலுமிச்சை. சீரகம், மிளகு, பெருங்காயம், கறிவேப்பிலை, இஞ்சி ஆகியவற்றைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டால், உப்பு குறைந்தது நாக்குக்கு அவ்வளவாகத் தெரியாது.

கடையில் ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று ஒன்று விற்பார்கள். உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்களே என்று அன்போடு அதை வாங்கிவிடாதீர்கள். சோடியத்துக்குப் பதிலாக அதில் இருப்பது பொட்டாசியம்.

பருப்பை முழுவதும் நிறுத்திவிடுவதும் தவறு. டயாலிசிஸ் தொடங்கும் முன் புரதத்தைக் குறைக்கச் சொல்லியிருப்பார்கள். தொடங்கிய பின் புரதம் கூடுதலாக வேண்டும், ஏனென்றால் இயந்திரத்தில் கொஞ்சம் போய்விடுகிறது. மீன், கோழி, முட்டை வெள்ளைக்கரு, அளந்து போட்ட பருப்பு எல்லாம் வேண்டும். பாஸ்பரஸைப் பிடித்து வைக்கும் மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்து விழுங்க வேண்டும். சாப்பிட்டு முடித்து ஒரு மணி நேரம் கழித்துப் போட்டால் பயனில்லை. என் கணவர் சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போதே மாத்திரையையும் பக்கத்தில் வைத்துவிடுவார்.

கே.எம்., டொராண்டோ: தாகத்தை எப்படித்தான் தாங்குவது?

உப்பைக் குறைத்தால் தாகம் பாதி போய்விடும். ஊறுகாயையும் அப்பளத்தையும் வீட்டில் வைத்துக்கொண்டு தாகத்தோடு போராட முடியாது. ஒரு நாளைக்கு உங்களுக்கு அனுமதித்த அளவு எவ்வளவோ, அதைக் காலையிலேயே ஒரு பாட்டிலில் பிடித்துக்கொள்ளுங்கள். காபி குடித்தால் அதே அளவு தண்ணீரைப் பாட்டிலிலிருந்து கொட்டிவிடுங்கள். ரசம், மோர், கஞ்சி, ஐஸ்கிரீம் எல்லாமே அந்தக் கணக்கில் சேரும். சிறிய டம்ளர், பனிக்கட்டித் துண்டு, குளிரவைத்த திராட்சை, வாயைக் கொப்பளித்துத் துப்புவது, இவையெல்லாம் உதவும். சர்க்கரை நோயும் இருந்தால் இரத்தச் சர்க்கரை ஏறும்போதும் தாகம் எடுக்கும், அதையும் பாருங்கள்.

பெயர் வெளியிட வேண்டாதவர், மெல்பர்ன்: ஊரில் இருக்கும் அப்பா அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. வீடியோ அழைப்பில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு பேசுகிறேன். சொல்லித்தான் ஆக வேண்டுமா?

தம்பி, சொல்லுங்கள். அவர்களுக்காக மட்டும் சொல்லவில்லை, உங்களுக்காகவும்தான். வாரத்தில் மூன்று நாள் எங்கே போனாய், ஏன் போனை எடுக்கவில்லை, ஏன் இந்த வருடமும் ஊருக்கு வரவில்லை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பொய்யை நினைவில் வைத்துக்கொண்டு வாழும் சிரமம், நோயின் சிரமத்துக்கு மேல் இன்னொன்று. இந்த நோயோடு அவ்வளவு கூடுதல் பாரத்தைத் தூக்கும் சக்தி நம்மிடம் இல்லை. வேறு வாயில் கேட்டால் அவர்களுக்கு இரட்டை அடி. என்றாவது யாராவது சொல்லிவிடுவார்கள். நம் ஊரில் எதுவும் மறைந்து கிடப்பதில்லை.

எப்படிச் சொல்வது என்பதில்தான் யோசனை வேண்டும். டயாலிசிஸ் நாளன்று வேண்டாம், குரலே காட்டிக்கொடுத்துவிடும். மறுநாள் காலை, முகம் தெளிவாக இருக்கும்போது பேசுங்கள். அந்த நேரத்தில் அண்ணனோ அக்காவோ அத்தையோ யாராவது ஒருவர் அவர்கள் பக்கத்தில் இருக்கும்படி ஏற்பாடு செய்யுங்கள். போனை வைத்த பிறகு அவர்களுக்கு ஒரு ஆள் வேண்டும். நான் சொன்னபோது என் அக்கா மகன் வீட்டில் இருந்தான். சிகிச்சை நடக்கிறது, வேலைக்குப் போகிறேன், சாப்பிடுகிறேன் என்பதை முதலில் சொன்னேன். நோயின் பெயரைப் பிறகு.

ஒன்றுக்கு மட்டும் தயாராக இருங்கள். அந்த அழைப்பிலேயே உங்கள் அம்மா ‘என் கிட்னியை எடுத்துக்கொள்’ என்பார். என் அம்மா சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ளவர், அவரால் தானம் செய்ய முடியாது. ஆனாலும் அதை அப்போதே சொல்லி அவர் வாயை அடைக்க எனக்கு மனம் வரவில்லை. ‘டாக்டரிடம் கேட்கிறேன் அம்மா’ என்றேன். கேட்டுவிட்டு, டாக்டர் சொன்னதாகவே பிறகு சொன்னேன். அவருக்கும் ஏதாவது செய்ய வேண்டுமே. இப்போது புளி குறைத்த குழம்புக்குப் பொடி அரைத்து, ஊரிலிருந்து வருபவர்களிடம் கொடுத்தனுப்புகிறார்.

ஆர்., ஷார்ஜா: சாரம் கட்டும் வேலை. வயது 34. முதுகு வலிக்கு அடிக்கடி மாத்திரை போடுவேன். ஊருக்குப் போனபோது எடுத்த பரிசோதனையில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய, இரத்தத்தில் உள்ள கழிவின் அளவு) 2.1 என்று வந்தது. விசா புதுப்பிக்கும் நேரம், யாரிடமும் சொல்லாதே என்கிறார்கள்.

முதலில் ஒன்று. மேலே தாகத்தைப் பற்றி எழுதியது உங்களுக்கானது அல்ல. டயாலிசிஸில் இருப்பவர்களுக்குத்தான் தண்ணீர்க் கட்டுப்பாடு. உங்கள் சிறுநீரகம் இன்னும் வேலை செய்கிறது. வெயிலில் உழைக்கும் உடம்பு வறண்டால் அது மேலும் கெடும். எவ்வளவு குடிக்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, அந்த அளவை வேலை நேரத்தில் விடாமல் குடியுங்கள். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 மணியிலிருந்து 3 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்பது அமீரகத்தின் சட்டம். அந்த நேரத்தில் நிழலில் படுங்கள்.

வலி மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்றவை சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைப்பவை. உடம்பில் நீர் வற்றிய நேரத்தில் அவற்றைப் போடுவது மிகவும் ஆபத்து. வலிக்கு வேறு என்ன போடலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

34 வயதில் 2.1 என்பதை ஒதுக்கிவைக்கவே முடியாது. சிறுநீரக மருத்துவரைப் பார்த்து இரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், மறுபடி கிரியேட்டினின், வயிற்று ஸ்கேன் நான்கையும் பார்த்துவிடுங்கள். ஒருவேளை வறட்சியாலும் மாத்திரையாலும் ஏறியதாக இருந்தால் இறங்கவும் கூடும். இறங்காவிட்டாலும், இப்போதே பிடித்தால் டயாலிசிஸைப் பல ஆண்டுகள் தள்ளிப்போட வழி இருக்கிறது. ‘சொல்லாதே’ என்பவர் உங்களுக்குப் பதிலாக நாற்காலியில் வந்து உட்காரப் போவதில்லை. 2025 ஜனவரி முதல் ஷார்ஜாவிலும் தனியார் நிறுவன ஊழியர்களுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். உங்கள் காப்பீட்டு அட்டை எங்கே என்று நிறுவனத்தில் கேளுங்கள். ஊரில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. குடும்ப அட்டையில் உங்கள் பெயர் இன்னும் இருக்கிறதா என்று வீட்டில் பார்க்கச் சொல்லுங்கள். வெளிநாட்டுக்குப் போனவர் பெயரை நீக்கிவிடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு.

வி., ரெடிங்: அலுவலகத்தில் சொன்னால் வேலை போய்விடுமோ? ஸ்பான்சர் விசாவில் இருக்கிறேன்.

பிரிட்டனில் 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி, ஓர் ஆண்டோ அதற்கு மேலோ அன்றாட வாழ்வைக் கணிசமாகப் பாதிக்கும் நோயும் உடல் குறைபாடாகவே கருதப்படும். சிகிச்சை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை வைத்தே அதைப் பார்க்கிறார்கள். ஆகவே நேரத்தை மாற்றித் தருவது, வீட்டிலிருந்து வேலை செய்ய விடுவது போன்ற நியாயமான வசதிகளை நிறுவனம் செய்துகொடுக்க வேண்டும். ஆனால் அவர்களுக்குத் தெரிந்தால்தானே செய்வார்கள்? வாயால் சொல்வதோடு நிறுத்தாமல், மின்னஞ்சலிலும் எழுதுங்கள். கூடவே, எந்தெந்த நாள், எந்த நேரம் முடியாது என்ற அட்டவணையையும் நீங்களே தயாரித்துக் கொடுங்கள். நான் கொடுத்த தாள் என் மேலாளரின் மேசைக்கு மேல் ஒட்டப்பட்டிருக்கிறது. விசா தொடர்பாக: தேசிய சுகாதாரச் சேவையின் சிகிச்சை, ‘பொது நிதி’ (அரசின் உதவித்தொகைகள்) பெறக் கூடாது என்ற விசா நிபந்தனைக்குள் வராது. அந்தப் பயம் வேண்டாம். ஆனால் உடல் குறைபாட்டு உதவித்தொகை அந்த நிபந்தனைக்குள் வரும், அதற்கு விண்ணப்பித்துவிடாதீர்கள்.

ஜே., கிராய்டன்: சிறுநீரக நோயுள்ள மாமியாரை விசிட் விசாவில் அழைத்துவர இருக்கிறோம்.

வரும் முன் அவருடைய மருத்துவரிடம் எழுத்தில் கருத்துக் கேளுங்கள். விசிட் விசாவில் வருபவருக்கு அவசர டயாலிசிஸ் மறுக்கப்படாது, ஆனால் கட்டணம் வரும். வழக்கமான மருத்துவமனை விலையில் ஒன்றரை மடங்கு. பயணக் காப்பீட்டில் ஏற்கெனவே உள்ள நோயை மறைத்தால் ஒரு பைசாவும் கிடைக்காது. கிரியேட்டினின் வேகமாக ஏறிக்கொண்டிருந்தால், இந்த வருடம் நீங்கள் போய் அவரைப் பார்ப்பதே நல்லது.

பி., பர்மிங்காம்: திருச்சியில் இருக்கும் தம்பி சிறுநீரகம் தருகிறேன் என்கிறான். மனைவிக்குப் பயம். இதற்கிடையில் ஒருவர், பணம் கொடுத்தால் ஊரிலேயே ஆள் ஏற்பாடு செய்வதாகச் சொல்கிறார்.

அந்த ஒருவரின் எண்ணை உங்கள் போனிலிருந்து அழித்துவிடுங்கள். இந்தியாவில் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி உறுப்பை விற்பதும் வாங்குவதும் குற்றம். இங்கும் அப்படித்தான், 2023-இல், மகளுக்காக ஓர் இளைஞரை லண்டனுக்கு அழைத்துவந்து சிறுநீரகம் எடுக்கத் திட்டமிட்ட நைஜீரிய செனட்டர் ஒருவருக்கும் அவர் மனைவிக்கும் சிறைத் தண்டனை கிடைத்தது.

சட்டம் இருக்கட்டும். சென்னையின் வில்லிவாக்கத்தை ஒரு காலத்தில் ‘கிட்னிவாக்கம்’ என்று அழைத்தார்கள். சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரை விசாரித்து 2002-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அவர்களில் 96 சதவிகிதம் பேர் கடனை அடைக்க விற்றவர்கள். விற்ற பிறகும் நான்கில் மூன்று பேருக்குக் கடன் தீரவில்லை. 86 சதவிகிதம் பேர் உடல்நிலை மோசமானதாகச் சொன்னார்கள். என் நோய் தீர, வேறு ஏதோ ஒரு தமிழ்க் குடும்பத்தின் கடன்காரன் வாசலில் நிற்க வேண்டுமா?

தம்பியின் விருப்பம் வேறு. அது நேரான வழி. உறுப்பு தானம் செய்பவராகப் பிரிட்டனுக்கு வர விசிட் விசாவிலேயே இடம் உண்டு. பொருத்தப் பரிசோதனைகள் பற்றிய மருத்துவக் கடிதமும் உறவுக்கான சான்றும் வேண்டும். இங்கே உங்கள் சிகிச்சையோடு தொடர்பில்லாத ஒரு மதிப்பீட்டாளர் உங்கள் இருவரையும் சந்தித்து, யாரும் வற்புறுத்தவில்லை, பணம் கைமாறவில்லை என்பதை உறுதி செய்வார். தம்பி எந்த நிலையிலும் வேண்டாம் என்று பின்வாங்கலாம். அதை அவனிடம் நீங்களே வெளிப்படையாகச் சொல்லுங்கள். பயப்படுவது தம்பியின் மனைவியா, உங்கள் மனைவியா என்று கடிதத்தில் தெளிவாக இல்லை. யாராக இருந்தாலும் அவரும் மருத்துவரோடு உட்கார்ந்து பேச வேண்டும். இரத்த வகை பொருந்தாவிட்டால், பொருந்தாத ஜோடிகளை மாற்றிப் பொருத்தும் திட்டமும் இங்கே உண்டு.

இங்குள்ள நம்மவர்கள் எல்லாரிடமும் ஒரு வேண்டுகோள். நம்மில் ‘பி’ வகை இரத்தம் அதிகம். தெற்காசியரிடமிருந்து வரும் தானமோ குறைவு. அதனால் காத்திருப்புப் பட்டியலில் நாம் அதிக காலம் நிற்கிறோம். இங்கிலாந்தில் 2020 மே 20 முதல், மறுப்புப் பதிவு செய்யாத பெரியவர்களில் பெரும்பாலானோர் இறந்த பின் தானத்துக்குச் சம்மதித்தவர்களாகவே கருதப்பட்டாலும், கடைசியில் குடும்பத்தாரைக் கேட்டுத்தான் செய்கிறார்கள். உங்கள் விருப்பத்தை வீட்டில் சொல்லிவையுங்கள். 2008-இல், விபத்தில் மூளைச்சாவடைந்த மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளை அவனுடைய பெற்றோர் கொடுத்த பிறகுதான் தமிழ்நாட்டில் இந்தத் தானம் மக்கள் பேச்சாக மாறியது. இப்போது அங்கே உறுப்பு கொடுத்தவரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கிறது.

என்., சிங்கப்பூர்: ஊரில் ஒருவர் கொடுக்கும் சூரணத்தால் டயாலிசிஸே வேண்டாமல் போய்விடும் என்கிறார்கள்.

சுருங்கி வடுவாகிவிட்ட சிறுநீரகத்தை எந்தச் சூரணமும் மீண்டும் உயிர்ப்பிக்காது. சித்த மருத்துவத்தின் மேல் எனக்கு மதிப்பு உண்டு, என் தாத்தா வைத்தியர். ஆனால் பெயரும் உட்பொருளும் எழுதாத பொட்டலத்தில் பாதரசமும் ஈயமும் இருந்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. மிச்சமிருக்கும் சிறுநீரகச் செயல்பாட்டையும் அது கெடுத்துவிடும். இதை நம்பி டயாலிசிஸை நிறுத்தியவர்கள் சில நாட்களிலோ சில வாரங்களிலோ உயிரிழக்கிறார்கள். எதைச் சாப்பிடுவதாக இருந்தாலும் அந்தப் பொட்டலத்தை உங்கள் மருத்துவரிடம் காட்டிவிட்டுச் சாப்பிடுங்கள்.

டி.எஸ்., ஹவுன்ஸ்லோ: தை மாதம் கும்பகோணத்தில் தங்கை கல்யாணம். டயாலிசிஸ் தொடங்கிய பிறகு ஊருக்குப் போகவே இல்லை. போக முடியுமா, அக்கா?

போகலாம் தங்கையே, போய் வாருங்கள். ஆனால் டிக்கெட் வாங்கும் முன் டயாலிசிஸ் இடத்தை உறுதி செய்துகொள்ளுங்கள்.

முதலில் இங்குள்ள மருத்துவரின் சம்மதம். இந்தியாவில் ஆகும் செலவை இங்குள்ள சுகாதாரச் சேவை தராது, கையிலிருந்துதான் கொடுக்க வேண்டும். கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ உள்ள மையத்துக்கு நேரடியாக எழுதி நாட்களைக் கேளுங்கள். அவர்கள் உங்கள் டிரை வெயிட், ஊசியின் அளவு, இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் மருந்தின் அளவு, அண்மை இரத்தப் பரிசோதனை, ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. முடிவுகள் எல்லாவற்றையும் கேட்பார்கள். நீங்களும் அவர்களிடம் கேளுங்கள். டயாலிசிஸ் வடிகட்டியைக் கழுவி மறுபடி பயன்படுத்தும் வழக்கம் இந்தியாவில் பல இடங்களில் உண்டு. ஒவ்வொரு முறையும் புதியது வேண்டும் என்று சொல்லி, அதற்கான விலையையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி உங்களுக்கு வேலை செய்திருக்கிறதா என்பதைப் போகும் முன் இங்கே பார்த்துவிடுங்கள்.

டயாலிசிஸ் முடிந்த மறுநாள் விமானம் ஏறுங்கள். மாத்திரைகளும் மருத்துவக் கடிதமும் கைப்பையில் இருக்க வேண்டும், பெட்டியில் போடாதீர்கள். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் டயாலிசிஸ் வரும்படி முறையை அமைத்துக்கொள்ளுங்கள். முகூர்த்தத்தன்று உடம்பு லேசாக இருக்கும்.

கல்யாண வீட்டில் வளையல் அடுக்க வருவார்கள். ஃபிஸ்துலா கையில் ஒன்றுகூட வேண்டாம். இறுக்கமான ரவிக்கைக் கையும் கூடாது. அந்த ஒரு கையை மட்டும் தளர்வாகத் தைக்கச் சொல்லுங்கள். வளையலையெல்லாம் மறு கையில் அடுக்கிக்கொள்ளுங்கள். கூட்டத்தில் யாராவது அன்பாக அந்தக் கையைப் பிடித்து இழுப்பார்கள் என்பதால் நான் சேலைத் தலைப்பை எப்போதும் அந்தப் பக்கம் போர்த்திக்கொள்வேன். பந்தியில் அப்பளம், ஊறுகாய், வாழைக்காய் வறுவல், ரசம், பாயசம் இவற்றை இலையில் போடும் முன்பே கையால் மறித்துவிடுங்கள். போட்ட பிறகு விடுவது கஷ்டம். பொரியலும் சோறும் கொஞ்சம் கூட்டும் ஒரு வடையும் சாப்பிடலாம். ‘ஏன் இப்படி இளைத்துவிட்டாய்’ என்று ஆளுக்கு ஆள் கேட்பார்கள். ஒரே வரியில் உண்மையைச் சொல்லிவிட்டு, மணப்பெண்ணைப் பற்றிப் பேச்சை மாற்றிவிடுங்கள்.

திரும்பி வந்ததும், ஹெபடைடிஸ் போன்ற தொற்று ஏதும் வந்திருக்கிறதா என்று அறிய, சில வாரங்களுக்குத் தனி இயந்திரத்தில் வைத்து, அடிக்கடி இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். மாற்றுச் சிறுநீரகப் பட்டியலில் இருந்தால், ஊரில் இருக்கும் நாட்களுக்கும் இந்தப் பரிசோதனைகள் முடியும்வரையும் உங்கள் பெயரைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கக்கூடும். எத்தனை நாள் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். தை என்றால் வெளிநாட்டிலிருந்து பலரும் ஊருக்கு வரும் காலம், டயாலிசிஸ் மையங்களில் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். பத்திரிகை அடிக்கும் வரை காத்திருக்காமல், தேதி குறித்த அன்றே மையத்துக்கு எழுதிவிடுங்கள்.